கிரிப்டோ பிரிட்ஜில் காசு மாட்டிய இரவு: உங்களுக்கும் நடந்ததா?

பரந்தன் சந்தி
2022 மார்ச் கடைசி. 13 மணிநேர மின்வெட்டு வந்த கிழமை, மறந்திருக்க மாட்டீர்கள். வெப்சைட் செய்து கொடுத்ததற்கு 240 டொலர் யூஎஸ்டிசியாக (டொலர் மதிப்புள்ள கிரிப்டோ காசு) வந்தது. வந்த பிளொக்செயினில் வைத்து விற்க ஆளில்லை, வேறு செயினுக்கு மாற்றப் பிரிட்ஜில் போட்டேன். ஒரு செயினில் காசைப் பூட்டி, மற்றச் செயினில் அதற்கு ஈடாக டோக்கன் தரும் சேவைதான் பிரிட்ஜ். இந்தப் பக்கம் "முடிந்தது". அந்தப் பக்கம் பூச்சியம். போனில் 6 வீதம் சார்ஜ். அம்மா குப்பி விளக்கோடு வந்து "என்னடா, ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டார். முகம் அப்படி இருந்திருக்கிறது. அடுத்த நாள் பின்னேரம் காசு வந்துவிட்டது, அது வேறு. இங்கே பூட்டியதை அங்கே யார் பார்த்துச் சொல்கிறார்கள் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

முள்ளியவளை அக்கா
தம்பி, வந்ததே பெரிய காரியம். அதே கிழமைதான் ரோனின் என்ற இன்னொரு பிரிட்ஜில் 60 கோடி டொலருக்கு மேல் போனது வெளியே வந்தது. களவு போய் ஆறு நாளுக்குப் பிறகு! ஒருவர் 5,000 ஈத்தர் (அதுவும் ஒரு கிரிப்டோ காசு) எடுக்கப் போய் முடியாததால்தான் பிடிபட்டது. காசை விடுவிக்க வலிடேட்டர்கள் (சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பவர்கள்) வைத்திருந்த ஒன்பது சாவியில் ஐந்து போதும், அதில் நாலு ஒரே கம்பனியிடம். பிறகென்ன ஒன்பது?

2004இல் லண்டன் மாமா உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள்மூலம், காசு அனுப்பினார். கொண்டுவந்த பெடியன் முற்றத்தில் நின்று தொகையைச் சொன்னான். அம்மம்மா கை நீட்டவில்லை. "நீயும் உன்ர முதலாளியும் ஒரு வாய். என்ர பிள்ளை சொல்லட்டும்" என்று மாமாவுக்குப் போன் எடுக்கக் கொமியூனிகேஷன் கடைக்கு நடந்தார். மாமா சொன்ன தொகை பத்தாயிரம் கூட. பெடியன் சைக்கிளைத் திருப்பிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாங்குளத்தான்
அக்கா சொல்வதில் பாதிதான் சரி. அதே வருடம் பெப்ரவரியில் வேர்ம்ஹோல் என்ற பிரிட்ஜில் எந்தச் சாவியும் களவு போகவில்லை. கையெழுத்தைச் சரிபார்க்கும் நிரலையே ஏய்த்து எதையும் பூட்டாமலே 120,000 ஈத்தருக்கான டோக்கனை அச்சடித்தார்கள். ஓகஸ்டில் நோமாட் பிரிட்ஜ்: ஒரு அப்டேட்டில் பிழை, வெறும் பூச்சியமே செல்லுபடியான சான்றாகிவிட்டது. முதல் ஆள் செய்ததைக் கொப்பி பண்ணி, தங்கள் முகவரியைப் போட்டு நூற்றுக்கணக்கானோர் அள்ளினார்கள். ஏறக்குறைய 19 கோடி டொலர்.

என் கதை சின்னது. 50 டொலர், பிரிட்ஜ் மூடிவிட்டது, போனது போனதுதான்.

சரி, தம்பி, இனி இப்படிச் செய்யும். முதலில் 5 டொலர் அனுப்பிப் பாரும். எத்தனை வலிடேட்டர் என்று பாராதையும், அவர்கள் எத்தனை கம்பனி என்று பாரும். இரண்டாவதாகச் சரிபார்க்கும் குழு ஒன்று இருக்கிறதா, பிழை கண்டால் பிரிட்ஜை நிறுத்த அதற்கு அதிகாரம் உண்டா என்று பாரும். செயின்லிங்க் என்ற திட்டத்தின் பிரிட்ஜ் முறையான சிசிஐபி 2023இல் வந்தபோது அந்தக் குழுவின் நிரலை வேறு மொழியில், தனியாக எழுதியிருந்தார்கள். ஒரே நிரலை இரண்டு பேர் ஓட்டினால் பிழையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. வேலை முடிந்ததும், உம்முடைய காசை எடுக்க வாலட்டில் பிரிட்ஜுக்குக் கொடுத்த அனுமதியை ரத்துச் செய்யும். பிரிட்ஜ் வழி வந்த டோக்கனைக் கனநாள் வைத்திருக்காதையும், மூலக்காசு அங்கே பூட்டுக்குள் இருக்கும்வரைதான் இதற்கு மதிப்பு.

பரந்தன் சந்தி
அண்ணை, நான் கதைதான் கேட்டேன். அக்கா, அந்தப் பத்தாயிரம் வந்ததா?

முள்ளியவளை அக்கா
அடுத்த கிழமை முதலாளியே கொண்டுவந்தார். ஒரு பலாப்பழத்தோடு. அம்மம்மா காசை எண்ணி முடித்த பிறகுதான் பழத்தை வாங்கினார்.