கர்லாக்கட்டை சுற்றத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் முழங்கை வலி: எங்கே தவறுகிறேன்?

கேட்டவர்:
வணக்கம். நான்கு ஆண்டுகளாகக் கராத்தே பயின்று வருகிறேன். குத்துப் பயிற்சியில் தோள் சீக்கிரம் களைத்துவிடுவதால், அதற்குத் துணையாக 6 கிலோ கர்லாக்கட்டை (தோளையும் முதுகையும் சுற்றிச் சுழற்றும், தலை தடித்த மரக்கட்டை) ஒன்றை வாங்கி, கைக்கு 50 சுற்று வீதம் நாள்தோறும் சுற்றிவந்தேன். மூன்றாம் வாரத்தில் வலது முழங்கையின் உட்புற எலும்பு முனையில் வலி தொடங்கியது. இப்போது கதவின் கைப்பிடியைத் திருகினாலும் சுளீரென்கிறது. கட்டை முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது இடுப்பும் வளைந்துவிடுகிறது. 10 கிலோ டம்பெல்லைத் தலைக்கு மேல் எளிதாகத் தூக்கும் எனக்கு 6 கிலோ கட்டை ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

பதில் 1:
டம்பெல்லின் எடை உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது; கட்டையின் எடையோ கையை விட்டுத் தள்ளி, அதன் தலைப்பகுதியில் இருக்கிறது. ஆகவே நெம்புகோலைப் போல அது மணிக்கட்டையும் முன்கையையும் இழுக்கும். வேகமாகச் சுற்றச் சுற்ற இழுப்பும் கூடும். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுதல் இடம்பெற்றபோது, அது பளுதூக்குதலில் அல்ல, ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில்தான் நடந்தது என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஒரு கைக்கு ஒன்றரை அல்லது இரண்டு கிலோவில் தொடங்குங்கள்.

பதில் 2:
எடையைக் குறைப்பது சரிதான், ஆனால் பிடியைத் திருத்தாவிட்டால் வலி திரும்பி வரும் என்பதே என் அனுபவம். விரல்களை மடக்கும் தசைநார்கள் நீங்கள் சொல்லும் அதே எலும்பு முனையில்தான் சேர்கின்றன. சுற்றும்போது உங்கள் விரல் முட்டிகள் வெளுக்கின்றனவா என்று பாருங்கள். வெளுத்தால், சுற்று முழுவதும் இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். கட்டை முதுகுப்புறம் தொங்கும் கணத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் கைப்பிடியின் முனையிலுள்ள குமிழைத் தாங்க, மற்ற விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். கட்டை மேலேறி முன்னால் வரும்போதுதான் பிடி இறுக வேண்டும்.

இடுப்பு வளைவதற்குக் காரணம் பெரும்பாலும் மேல்முதுகும் தோளும் திறக்காமையே. முழங்கையை வானம் பார்க்க உயர்த்தி, மூச்சை வெளியே விட்டு விலாவைக் கீழே இறக்கியபடி கட்டையை இறங்கவிடுங்கள். ஒரு வாரம் இரண்டு முழங்காலிலும் நின்று, முறுக்கிய துண்டைக் கொண்டு இதைச் செய்து பாருங்கள். அந்த நிலையில் இடுப்பு ஏமாற்றினால் உடனே தெரிந்துவிடும்.

சுண்டுவிரலில் மரமரப்பு உண்டா? இருந்தால் நரம்பு அழுந்தியிருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேட்டவர்:
மரமரப்பு இல்லை. முட்டிகள் வெளுப்பது உண்மைதான். இதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. வலி அடங்கிய பிறகு எந்தெந்த நாள்களில் சுற்றலாம்?

பதில் 2:
குத்துப் பயிற்சி கடுமையாக உள்ள நாளில் வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு கைக்கும் பத்துப் பத்தாக மூன்று முறை போதும். ஒரு நாள் வலக்கையில் தொடங்கினால் அடுத்த பயிற்சி நாளில் இடக்கையில் தொடங்குங்கள். குத்து முழுதாக நீண்டபின் கையைப் பின்னிழுத்து நிறுத்துவது தோளின் பின்புறத் தசைகள்தாம். கர்லா அவற்றைத்தான் வலுவாக்குகிறது. எனவே எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, கட்டை இறங்கும் பாதையை மெதுவாக்குவதில் கவனம் வையுங்கள்.

கேட்டவர் (ஆறு வாரங்களுக்குப் பின்):
இரண்டு வாரம் ஓய்வெடுத்து, துண்டில் தொடங்கி, இப்போது 2 கிலோ கட்டையைச் சுற்றுகிறேன். முழங்கையில் வலி இல்லை. இடக்கைச் சுற்றில் மட்டும் கட்டை இன்னும் தோளை உரசிக்கொண்டு போகிறது. அது சரியாகும்வரை எடையைக் கூட்டப் போவதில்லை.