ஆக்ரா போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் அம்மா, மனைவி, பிள்ளைகளோடு ஆக்ரா போகிறோம். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும் என்பதால் வியாழனன்றே பார்த்துவிடத் திட்டம். ஆனால் அந்த மாதத்தில் காலைப் பனிமூட்டத்தில் எதிரே நின்றாலும் கும்மட்டம் தெரியாதாமே? விடியற்காலையில் அடித்துப்பிடித்து ஓடுவதா, வெயில் வந்தபின் போவதா?

அம்மாவுக்கு மூட்டுவலி. கிழக்கு வாசலில் பேட்டரி வண்டி எதுவரை விடுவார்கள்? உள்ளே சக்கர நாற்காலி கிடைக்குமா?

ஃபதேபூர் சிக்ரி அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். அக்பர் கட்டிய தலைநகரைப் பார்க்காமல் திரும்ப எனக்கு மனசில்லை (வீட்டில் யாருக்கும் அந்தக் கவலை இல்லை!). அங்குள்ள மசூதியின் பெரிய வாசலான புலந்த் தர்வாசாவின் செங்குத்துப் படிகள் அம்மாவுக்கு ஆகாது. கிழக்குப் பக்க வாசல் வழியாக மசூதிக்குள் போவது சுலபமா?

அப்புறம், சப்பாத்தியைக் கண்டாலே முகம் சுளிக்கும் சின்னவனுக்குச் சாம்பார் சாதம் கிடைக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.