7.7 பில்லியன் டாலரில் கூண்டுக்குள் இறங்குபவருக்கு எவ்வளவு?

சிப்புட் மணியம்:

2025 ஆகஸ்டு மாதச் செய்தியைப் பெரும்பாலோர் படித்திருப்பீர்கள். தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். கூண்டுச் சண்டை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யூஎஃப்சியின் அமெரிக்க ஒளிபரப்பு உரிமையை, 2026 முதல் ஏழு ஆண்டுகளுக்கு, பாராமவுண்ட் நிறுவனம் 7.7 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான் கேளிக்கை மல்யுத்தம் நடத்தும் டபிள்யூடபிள்யூஇயின் பெரிய நிகழ்ச்சிகளை இஎஸ்பிஎன் ஐந்தாண்டுகளுக்கு 1.6 பில்லியனுக்கு எடுத்துக்கொண்டது. அதன் வாராந்தர நிகழ்ச்சியான 'ரா' 2025 ஜனவரியிலேயே நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டது. அந்த ஒப்பந்தம் பத்தாண்டுகளுக்கு ஐந்து பில்லியனுக்கும் மேற்பட்டது. இந்த மூன்று வரவும் ஒரே கல்லாவில்தான் சேர்கின்றன. இரண்டு நிறுவனங்களையும் இணைத்து 2023 செப்டம்பரில் உருவாக்கிய டிகேஓ குழுமமே அந்தக் கல்லா.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை நேரடி ஒளிபரப்புக்காகக் கோப்பிக் கடையில் கூடும் நண்பர்கள், இனிமேல் வீரர்களுக்குப் பணம் கொட்டப் போகிறது என்று மகிழ்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக் கழகங்களின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குச் செல்கிறது. யூஎஃப்சி மீது வீரர்கள் தொடுத்த வழக்கில் வெளிவந்த கணக்குகளின்படி, அங்கே வீரர்களின் பங்கு இருபது விழுக்காட்டைத் தாண்டவில்லை. வரவு இரட்டிப்பானாலும் பங்கிடும் கை மாறவில்லை என்றால் எதை எதிர்பார்ப்பது?

ஈப்போ கணக்கர்:

மணியம் அண்ணன் வரவை எழுதினார். முதலீட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. 2001இல் ஃபெர்டிட்டா சகோதரர்கள் யூஎஃப்சியை இரண்டு மில்லியன் டாலருக்கு வாங்கியபோது, அதைச் சீந்துவார் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் முப்பது மில்லியனுக்கும் மேல் நட்டப்பட்டார்கள். எந்தத் தொலைக்காட்சியும் செலவை ஏற்க முன்வராத நிலையில், 2005இல் ஒளிபரப்பான 'தி அல்டிமேட் ஃபைட்டர்' தொடரைத் தங்கள் சொந்தப் பணத்தில் தயாரித்துக் கொடுத்தார்கள். அந்தத் தொடர்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. நட்டம் வந்த காலத்தில் எந்த வீரரும் அதில் பங்கு ஏற்கவில்லை. 2016இல் அது நான்கு பில்லியன் டாலருக்கு விற்கப்பட்டபோது ஆதாயம் முதல் போட்டவருக்குச் சென்றதில் அநியாயம் எங்கே இருக்கிறது?

கூடைப்பந்தாட்டத்தோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. அங்கே முப்பது முதலாளிகள் ஆட்டக்காரர்களுக்காகப் போட்டியிடுகிறார்கள். இங்கே ஒரே நிறுவனம் ஆண்டுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களை ஒப்பந்தத்தில் வைத்து, அரங்கு, விமானம், விளம்பரம் என்று எல்லாவற்றையும் தானே சுமக்கிறது.

சிப்புட் மணியம்:

தம்பி, அங்கே முப்பது பேர் போட்டியிடுகிறார்கள், இங்கே ஒரே நிறுவனம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். என் வாதமும் அதுதான்.

இந்தப் புதிய ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காத ஒரு பகுதியைச் சொல்கிறேன். 2025 வரை அமெரிக்காவில் பெரிய நிகழ்ச்சிகளைப் பார்க்க, மாதச் சந்தாவுக்கு மேல் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாக ஏறக்குறைய எண்பது டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதைத்தான் 'பே பெர் வியூ' என்கிறோம். பட்டம் வைத்திருப்பவர்களுக்கும் பெரிய நட்சத்திரங்களுக்கும், எத்தனை வீடுகள் பணம் கட்டின என்ற எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு பங்கு கிடைத்தது. கானர் மெக்ரெகர் போன்ற நட்சத்திர வீரர்களுக்கு அது பெரிய வரவு. பாராமவுண்ட் ஒப்பந்தத்தில் எண்ணிட்ட பெரிய நிகழ்ச்சிகள் 13, 'ஃபைட் நைட்' என்ற சிறிய நிகழ்ச்சிகள் 30, அத்தனையும் சாதாரணச் சந்தாவுக்குள் வந்துவிட்டன. அமெரிக்க ரசிகருக்கு இது மிக நல்ல செய்தி. (நமக்கு நேரடியாக எந்த மாற்றமும் இல்லை, இது அங்குள்ள உரிமை மட்டுமே.)

வீரரின் நிலையை இப்போது எண்ணிப் பாருங்கள். முன்பு ஒரு நட்சத்திரம், "என் பெயருக்காக இத்தனை இலட்சம் வீடுகள் பணம் கட்டின, நான் இல்லையென்றால் அந்த வரவு இல்லை" என்று எண்ணிக்கையை மேசைமேல் வைத்துப் பேரம் பேச முடிந்தது. இனி அந்த எண்ணிக்கையே கிடையாது. அவர் சண்டையிட்டாலும் வீட்டில் இருந்தாலும் நிறுவனத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.1 பில்லியன் வந்துவிடும். ஏழு ஆண்டுக்குப் பணம் உறுதியான ஒரு முதலாளி, ஒரு தனி வீரருக்காக எதற்கு இறங்கி வர வேண்டும்?

ஈப்போ கணக்கர்:

அந்தப் பங்கு ஐந்நூறு பேரில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, அண்ணன்? விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதிப் பேருக்குச் சண்டைக்கு வந்தால் ஒரு தொகை, வென்றால் இன்னொரு தொகை, அவ்வளவுதான். பத்துப் பேரின் பேரப் பலம் குறைந்தது என்று வருந்துகிறீர்கள். நிலையான வரவு இருப்பதால் ஆண்டுக்கு 43 நிகழ்ச்சிகள் உறுதியாக நடக்கும், நானூற்றுச் சொச்சம் பேருக்கு வேலை இருக்கும் என்பதைப் பார்க்க மறுக்கிறீர்கள். பாராமவுண்டும் தருமத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. சந்தாதாரர் நிலைக்க வேண்டும் என்றால் முகம் தெரிந்த வீரர்கள் வேண்டும். அவர்கள் இல்லையென்றால் ஏழாம் ஆண்டு முடிவில் யாரும் இந்த விலைக்கு வாங்க மாட்டார்கள்.

லயத்து அக்கா:

நீங்கள் இருவரும் கூண்டுச் சண்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். டிகேஓவின் 2024ஆம் ஆண்டு வருமானம் சுமார் 2.8 பில்லியன் டாலர். அதில் யூஎஃப்சியும் டபிள்யூடபிள்யூஇயும் ஆளுக்கு ஏறக்குறையப் பாதி. ஆகவே மல்யுத்தத்தைத் தொட்டுக்கொள்ள ஊறுகாயாக வைக்காதீர்கள்.

இரண்டு தொழில்களும் ஒன்றல்ல. யூஎஃப்சியில் தோற்றால் பாதிப் பணம் போய்விடும். மல்யுத்தத்தில் யார் தோற்பது என்பதை எழுத்தாளர்கள் முடிவு செய்வதால், தோற்றவருக்குச் சம்பளம் குறைவதில்லை. பல ஆண்டு ஒப்பந்தத்தில் உறுதித் தொகை உண்டு, சட்டை விற்பனையில் பங்கு உண்டு. ஆனால் பெயரும் வேடமும் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. வெளியேறுபவர் பல நேரங்களில் தம் பெயரைக்கூட அங்கேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, சட்டப்படி அவர் ஊழியர் அல்லர், "சுயேச்சையான ஒப்பந்தக்காரர்". வேறு இடத்தில் ஆடக் கூடாது, சொன்ன ஊருக்குப் போக வேண்டும், சொன்ன வசனத்தைப் பேச வேண்டும் என்றெல்லாம் கட்டுப்படுத்தப்படும் ஒருவரிடம் என்ன சுயேச்சை இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

1986இல், டபிள்யூடபிள்யூஇயின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியா இரண்டாம் முறை நடந்த நேரத்தில், மல்யுத்த வீரர் ஜெஸ்ஸி வென்சுரா உடைமாற்றும் அறையிலேயே சங்கம் அமைக்கும் பேச்சை எடுத்தார். அந்தத் தகவலை முதலாளி வின்ஸ் மெக்மஹனிடம் கொண்டு சேர்த்தவர் நட்சத்திர வீரர் ஹல்க் ஹோகன் என்று வென்சுரா பின்னாளில் சொல்லி வந்தார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. நாற்பது ஆண்டு ஆகப் போகிறது, இன்னமும் சங்கம் இல்லை.

இருந்தாலும் மல்யுத்த வீரர்களுக்கு ஒரு கதவு திறந்தது. கோடி ரோட்ஸ் 2016இல் டபிள்யூடபிள்யூஇயிலிருந்து வெளியேறி, 2019இல் போட்டி மல்யுத்த நிறுவனமான ஏஇடபிள்யூ தொடங்கப்பட்டபோது அதில் முன்னணியில் நின்று, 2022 ரெசில்மேனியாவில் திரும்பி வந்து, பிறகு முதன்மைப் பட்டத்தையும் வென்றார். போட்டி நிறுவனம் ஒன்று பணத்தோடு நின்றதால்தான் அவர் தலைநிமிர்ந்து திரும்ப முடிந்தது. கூண்டுச் சண்டையில் அப்படியொரு இரண்டாம் வீடு எங்கே?

பழைய ஆட்டக்காரர்:

மல்யுத்த வீரர்கள் தாரா சிங்கும் கிங் காங்கும் சிங்கப்பூரிலும் மலாயாப் பட்டணங்களிலும் மோதிய காலத்தில், எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் லாரி பிடித்துப் போய்ப் பார்த்தார்கள். அப்போதும் சீட்டு விற்றவர் வேறு, அடி வாங்கியவர் வேறு. நீங்கள் தொடருங்கள்.

சிப்புட் மணியம்:

அக்காவின் கேள்விக்கு என் வீட்டிலிருந்தே விடை சொல்லலாம். என் அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். நிருவாகத்தின் நேரடி ஆளாக இருந்தவரை அவருக்கு ஊழியர் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்பு), சங்கம் எல்லாம் இருந்தன. குத்தகையாளரின் கீழ் மாற்றப்பட்ட பிறகு அதே மரம், அதே கத்தி, அதே மண்டோர் (மேற்பார்வையாளர்). ஆனால் கைமுறிந்தால் கேட்க நாதி இல்லை. யூஎஃப்சி வீரரும் அப்படிப்பட்ட குத்தகை ஆள்தான். சண்டையில் பட்ட காயத்துக்கு மருத்துவம் பார்ப்பார்கள். ஓய்வூதியம் கிடையாது, வேலையில்லாத மாதங்களுக்குக் கூலி கிடையாது. பயிற்சியாளர், முகவர், பயிற்சி முகாம் என்று எல்லாவற்றையும் அவர் தம் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் காற்சட்டையில் விளம்பரம் ஒட்டியாவது அந்தச் செலவைச் சமாளித்தார்கள். 2015இல் யூஎஃப்சி எல்லாருக்கும் ரீபாக் சீருடையைக் கொண்டுவந்ததும் அந்த வழியும் அடைபட்டது.

ஈப்போ கணக்கர்:

அண்ணன் உணர்ச்சியோடு எழுதியதை மதிக்கிறேன். ஒப்பீட்டை ஏற்க மாட்டேன். உங்கள் அப்பா போனால் குத்தகையாளர் மறுநாளே வேறு ஆளைக் கொண்டுவந்துவிடுவார்; அதுதான் தோட்டத் தொழிலாளியின் பலவீனம். ஒரு சாம்பியனுக்கு மாற்றாள் கிடையாது. மேலும் 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த பிறகும், மாதச் சம்பளம் என்ற ஒன்றுக்காகத் தொழிலாளர்கள் எத்தனை பத்தாண்டுகள் காத்திருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சங்கம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

சிப்புட் மணியம்:

மாற்றாள் கிடைக்காதவரைத்தான் கட்டிப்போட வேண்டியிருக்கிறது, தம்பி. ஃபிரான்சிஸ் இங்கானு யூஎஃப்சியின் கனரகப் (ஹெவிவெயிட்) பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். ஒப்பந்தம் முடியும் நாளுக்காகப் பொறுமையாகக் காத்திருந்து 2023 ஜனவரியில் வெளியேறினார். அவர் கேட்டவற்றில் மருத்துவக் காப்புறுதியும், வீரர்கள் சார்பில் பேச ஒரு பிரதிநிதியும் இருந்தன. அவ்வாண்டு அக்டோபரில் ரியாத்தில் குத்துச்சண்டைச் சாம்பியன் டைசன் ஃபியூரியோடு குத்துச்சண்டை ஆடினார். நடுவர்களின் பிளவுத் தீர்ப்பில்தான் தோற்றார். ஃபியூரியைக் கீழேயும் விழ வைத்தார். யூஎஃப்சியில் ஒரு சண்டைக்கு அவர் பெற்றதைவிடப் பல மடங்கு அந்த ஓர் இரவில் கிடைத்தது. சந்தை திறந்திருந்தால் அவருடைய விலை என்ன என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் அவரைப்போல் காத்திருக்க எத்தனை பேருக்கு வசதி உண்டு?

வழக்கையும் பாருங்கள். யூஎஃப்சி வீரர் குங் லீ முதலானோர் 2014 டிசம்பரில் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் அதைத் தொடுத்தார்கள். முதலில் 335 மில்லியனுக்குச் சமரசம் பேசப்பட்டது; அந்தத் தொகை போதாது என்ற கவலையோடு நீதிபதி ரிச்சர்ட் போல்வேர் 2024 ஜூலையில் அதை நிராகரித்தார். இரண்டே மாதத்தில் குங் லீ தரப்புக்கு மட்டும் 375 மில்லியன் தர நிறுவனம் ஒத்துக்கொண்டது. 2025இல் அதற்கு இறுதி ஒப்புதலும் கிடைத்தது. தப்பே செய்யாதவர் இவ்வளவு தருவாரா?

ஈப்போ கணக்கர்:

சமரசம் குற்ற ஒப்புதல் ஆகாது. பத்தாண்டாக இழுக்கும் வழக்கை முடிக்க எந்த நிறுவனமும் பணம் ஒதுக்கும். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இது உங்கள் பக்கத்துக்கே வலு சேர்க்கும். அந்தத் தொகை 2017 நடுப்பகுதிக்கு முன் ஆடிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உரியது. அவர்களுடைய ஒப்பந்த முறையை எதிர்காலத்துக்கு மாற்ற அதில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிந்திய காலத்து வீரர்களின் வழக்கு தனியாக நடக்கிறது. முதலீட்டாளர் என்ற முறையில் நான் கவனித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது வழக்கைத்தான். 7.7 பில்லியனைவிட அதில் வரக்கூடிய தீர்ப்புதான் டிகேஓவின் செலவுக் கணக்கை மாற்றும்.

லயத்து அக்கா:

அப்படியென்றால் பணம் கொட்டும் என்ற நம்பிக்கையை நீங்களே நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டீர்கள், தம்பி!

ரப்பர் மரத்தடி:

பெரியவர்களுக்கு வணக்கம். என் தம்பி ஈப்போவில் பயிற்சி எடுக்கிறான். மலேசிய வீரர் அகிலன் தாணி 2017இல் ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசியக் கூண்டுச் சண்டை அமைப்பில் பென் அஸ்கிரனோடு பட்டத்துக்காக மோதிய நாளிலிருந்து, நம்மவரும் அந்த மேடைக்குப் போகலாம் என்று அவனுக்கு ஓர் எண்ணம். ஒரு சிறிய அமைப்பாளர் நான்கு சண்டைகளுக்கு ஒப்பந்தம் தருகிறார். வரும் வியாழக்கிழமை கையெழுத்து. எதைப் பார்க்க வேண்டும்?

சிப்புட் மணியம்:

நான்கு சண்டை என்பதற்குக் காலக்கெடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெடு இல்லையென்றால், அமைப்பாளர் மூன்றாண்டுக்கு ஒரு சண்டைகூடக் கொடுக்காமல் அவனை வைத்திருக்கலாம். காயமோ மறுப்போ நேர்ந்தால் அந்த நாள்களைக் கெடுவோடு கூட்டும் விதி இருக்கிறதா, பட்டம் வென்றால் ஒப்பந்தம் தானாக நீளுமா என்றும் படியுங்கள். வருகைத் தொகையை வெற்றித் தொகையோடு சேர்த்துப் பெரிதாகக் காட்டியிருப்பார்கள். தோற்றால் கையில் எவ்வளவு என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

ஈப்போ கணக்கர்:

அண்ணன் சொன்ன நான்கும் சரி. அவற்றோடு, பயிற்சியின்போது ஏற்படும் காயத்துக்கு யார் செலவு என்றும், அவனுடைய படத்தையும் பெயரையும் ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவர்கள் பயன்படுத்தலாமா என்றும் கேளுங்கள். சொக்சோவில் சுயதொழில் செய்பவர்களுக்கான திட்டத்தில் அவனைப் பதிய முடியுமா என்பதை நீங்களே அலுவலகத்தில் விசாரியுங்கள். அமைப்பாளரை நம்பி இருக்க வேண்டாம். பெயர்களை மறைத்துவிட்டு ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால், புதன்கிழமை இரவுக்குள் படித்துக் குறித்துத் தருகிறேன். கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தையும் மறக்காமல் படமெடுங்கள்.