மலைப்புகையின் மணம்: மகிழ்வதா, அஞ்சுவதா?

கேள்வி: போடிநாயக்கனூரில் வசிக்கிறேன். பங்குனி இரவுகளில் குரங்கணி மலைப் பக்கமிருந்து வரும் புகை மணம், அம்மாச்சி விறகடுப்பில் வெந்நீர் போட்ட விடியற்காலைகளை நினைவூட்டி மனத்தை இதமாக்குகிறது. மறுகணமே, 2018 மார்ச்சில் அதே மலையில் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் மாண்டது நினைவுக்கு வந்து உடல் நடுங்குகிறது. இந்த மணத்தை விரும்புவது தவறா?

மறுமொழி 1: தவறே இல்லை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் எரிந்து, புகைமணம் தரும் குவையக்கால் போன்ற சேர்மங்கள் வெளிப்படுவதால், விறகடுப்புக்கும் காட்டுத்தீக்கும் மணம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும் என்பதால், சன்னலைச் சாத்திவிடுங்கள்.

மறுமொழி 2: எனக்கும் இதே தவிப்புதான். அந்த மணம் வந்தாலே என் தந்தையார் மாடிக்கு ஏறி, காய்ந்த புற்சரிவில் செந்நிறக் கோடு ஊர்கிறதா என்று பார்த்து வனத்துறைக்குத் தெரிவிப்பார். மறுநாள் கொடியில் காயும் வேட்டியில் சாம்பல் ஒட்டியிருக்கும். அம்மா அதைத் தட்டிவிடாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நிற்பார்.