சாயத்தண்ணிக்கு நானோ பவுடர்: நம்பி வாங்கலாமா?

நொய்யல்கரை:
வணக்கம்ங்க. திருப்பூர்ல மாமாவோட சாயப்பட்டறைல கணக்குப் பார்க்கறேன். காட்டன் துணி, ரியாக்டிவ் சாயம் (நூலோட வினைபுரிஞ்சு ஒட்டிக்கற வகை). போன வாரம் ஒருத்தர் சாயக் கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ணும்னு டைட்டானியம் டை ஆக்சைடு நானோ பவுடர் கொண்டு வந்தார். கண்ணாடி ஜாடில நீலத் தண்ணி, ஒரு சிட்டிகை பவுடர், மொட்டை மாடி வெயில். மத்தியானத்துக்குள்ள நீலம் போயிருச்சு. இனி ஆர்.ஓ.வே (மெம்பரேன்ங்கற சவ்வு வழியா உப்பைப் பிரிக்கற மெஷின்) வேண்டாம்ங்கறார். மாமா அட்வான்ஸ் கொடுக்கத் தயார். 2011ல சாயக்கழிவுப் பிரச்சினைல ஐகோர்ட் உத்தரவு வந்து பட்டறைகள் மூடிக் கிடந்ததை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒளிவினை:
இதே பொருள்லதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பவுடர் நிஜம், சொன்ன கதைதான் தப்பு.

அந்த நீலம் என்ன சாயம்னு கேளுங்க. மெத்திலீன் புளூவா இருக்கும்னு நினைக்கறேன், ஆய்வுக்கூடத்துல நாங்களும் அதைத்தான் அதிகம் எடுக்கறோம். அது நேர்மின் சாயம். உங்க ரியாக்டிவ் சாயம் எதிர்மின். சோடா ஆஷ் போட்டு பி.எச். (காரத்தன்மை அளவு) 10, 11னு ஏறின தண்ணில டைட்டானியம் துகளும் எதிர்மின்தான். ஒன்னை ஒன்னு தள்ளிவிடும். மெத்திலீன் புளூ தானா வந்து ஒட்டிக்கும். ஜாடில பாதி நிறம் அப்படியே போயிருக்கலாம்.

துகள் வேலை செய்ய சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழ உள்ள புற ஊதா வேணும். வெயில்ல அது நூத்துக்கு நாலஞ்சு பங்குதான், அதுவும் அடர் சாயத்துல மேல்மட்டத்தோட நின்னுரும். ஒளி பட்டு உண்டாகற ஹைட்ராக்சில் ரேடிக்கல்ங்கற வேகமா வினைபுரியற துகள்தான் சாயத்தை உடைக்கணும். உங்க தண்ணில சோடா ஆஷ்ல இருந்து வந்த கார்பனேட்டே அதுல பெரும்பங்கைத் தின்னுரும்.

சாயத்துக்கு நிறம் தர்ற அசோ பிணைப்பு (ரெண்டு நைட்ரஜன் சேர்ந்த இணைப்பு) அறுந்தாலே நிறம் மறைஞ்சிரும், துண்டுகள் தண்ணிலதான் கிடக்கும். சி.ஓ.டி. (தண்ணில மிச்சமிருக்கற கரிமக் கழிவோட அளவு) பார்க்காம எதையும் நம்பாதீங்க. சாயம் ஏத்தப் போடற கிளாபர் சால்ட்டை (சோடியம் சல்பேட் உப்பு) இது தொடவே தொடாது, டி.டி.எஸ். (கரைஞ்ச உப்போட அளவு) அப்படியே நிக்கும். ஆர்.ஓ.வும், தண்ணியை ஆவியாக்கற எவாப்பரேட்டரும் இருக்கறதே அந்த உப்புக்காகத்தானே!

பிளான்ட்_ஆபரேட்டர்:
பொது சுத்திகரிப்பு நிலையத்துல இருக்கேன். இருபது முப்பது நானோமீட்டர் பவுடரை அவர் எப்படி வடிகட்டித் திரும்ப எடுப்பாராம்? சாதாரண ஃபில்டர்ல நிக்காதுங்க. ஆர்.ஓ.வுக்குள்ள போனா மெம்பரேன் அடைச்சுக்கும். மெம்பரேன் விலை மாமாவுக்கே தெரியும்.

நொய்யல்கரை:
நன்றிங்க. அப்ப இந்த ஆராய்ச்சிக்கே பலன் இல்லையா? மாமாவை எப்படி நம்ப வைக்கறது?

ஒளிவினை:
பலன் இருக்குங்க, இடம்தான் வேற. பாக்டீரியா தொட்டி தாண்டி வந்த, நிறமும் காரமும் குறைஞ்ச தண்ணில மிச்சமிருக்கற கொஞ்சநஞ்சத்தை உடைக்கலாம். மருந்துக் கழிவுத் தடயங்களுக்கும் அப்படித்தான். பவுடரைக் கலக்காம கண்ணாடி மணிமேல பூசி வைக்கறதும் அதுக்குத்தான்.

மாமாவுக்கு உங்க பட்டறைத் தண்ணியையே மூணு பாட்டில்ல எடுத்துக் காட்டுங்க. ஒன்னுல பவுடர் போட்டு வெயில்ல வைங்க. இன்னொன்னுல பவுடர் போட்டுக் கறுப்புத் துணி சுத்தி வைங்க. மூணாவது பவுடர் இல்லாம வெயில்ல. மூணையும் ஒரே மாதிரி குலுக்கிட்டு, சாயங்காலம் தெளிஞ்ச தண்ணியை லேப்ல கொடுத்து சி.ஓ.டி.யும் டி.டி.எஸ்.ஸும் பாருங்க. அதுவரைக்கும் அட்வான்ஸ் வேண்டாம். எண்கள் வந்ததும் பி.எச்.சோட இங்க போடுங்க, உட்கார்ந்து பார்க்கறேன்.