நடவுப் பாட்டை வானொலிக்குக் கொண்டுசெல்ல உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடும் பெண்கள் இருக்கிறார்கள். கதை, கவிதை எழுதும் பிள்ளைகளும் உண்டு. இவர்களைச் சமுதாய வானொலியில் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டுச் சமுதாய வானொலிக் கொள்கையின்படி, அத்தகைய நிலையங்களின் நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும். ஒலிபரப்பு சில கிலோமீட்டர்தான் எட்டும். இருக்கட்டும், இந்தப் பாட்டில் வரும் வாய்க்கால் பெயர்களை அறிந்தவர்களும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

சிக்கல் பதிவில்தான். செல்பேசியில் எடுத்தால் காற்று இரைச்சல் குரலை விழுங்கிவிடுகிறது. வீட்டுக்குள் பாடச் சொன்னால், கையில் நாற்று இல்லாமல் பாட்டு வரவில்லை என்கிறார்கள். நியாயம்தானே? குனிந்து நடும் வேகமே அதற்குத் தாளம். நடவு இயந்திரம் வந்தபின் கைநடவும் குறைந்துவிட்டது. இந்தக் குறுவையைத் தவறவிட எனக்கு மனமில்லை.

வயலில் பதிவு செய்ய, சட்டையில் மாட்டும் சிறிய மைக் போதுமா? காற்றுத் தடுப்புடன் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ வாடகைக்குக் கிடைக்குமா? நிலையங்கள் எந்த வடிவத்தில் கோப்பு கேட்கின்றன?

இன்னொன்று. பாடியவர் பெயரை விட்டுவிட்டு ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் அறிவிப்பதை நான் ஏற்க மாட்டேன். பெயர் சொல்லவும், மறு ஒலிபரப்புக்கு அவர்களிடம் அனுமதி கேட்கவும் வகைசெய்யும் ஒப்புதல் படிவம் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து இங்கே பகிருங்கள்.