மறு: லோட் பேலன்சருக்கு ‘சுமைச் சமனி’ சரியா?

வணக்கம். ஒரு தளத்துக்கு வரும் கோரிக்கைகளைப் பல வழங்கிகளுக்கு (சர்வர்களுக்கு) பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், கோலாலம்பூர் அண்ணன் சொன்ன ‘சுமைச் சமனி’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு அந்தச் ‘சமன்’ மேல்தான் சந்தேகம். இந்த வேலையைச் செய்யும் மென்பொருளான என்ஜின்எக்ஸை (Nginx) அப்படியே விட்டால் உனக்கொன்று எனக்கொன்று என்று முறைவைத்து அனுப்பும். எண்ணிக்கை சமம், சுமை சமமா? பினாங்கின் ஜூரு டோல் சாவடியில் எல்லா வரிசையிலும் பத்துப் பத்து வண்டி நின்றாலும், அட்டையில் காசில்லாத ஒருவர் முன்னால் மாட்டிக்கொண்டால் அந்த வரிசையின் கதை முடிந்தது.

போன தைப்பூசத்தின்போது நான் பார்த்துக்கொள்ளும் ஒரு முன்பதிவுத் தளம் படுத்துவிட்டது. ஒரு வழங்கியை மூன்றாக்கி அழகாகச் சமன் செய்தேன், முன்பைவிட மோசமானது. மூன்றும் போய் விழுந்தது ஒரே தரவுத்தளத்தில். அந்தத் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ், அமைப்பை மாற்றாமல் விட்டால் ஒரே நேரத்தில் 100 இணைப்புதான் தரும், இவை ஆளுக்கு 50 கேட்டால் அது எங்கே போகும்? அதோடு, தேதியை வைத்துத் தேடும் வினவலுக்கு, புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போன்ற இன்டெக்ஸே இல்லாமல் ஒவ்வொரு தடவையும் அட்டவணை முழுவதையும் படித்துக்கொண்டிருந்தது (என் தப்புதான்). இன்டெக்ஸ் போட்டு, நடுவில், திறந்த இணைப்புகளைச் சேர்த்துவைத்து மாற்றி மாற்றிக் கொடுக்கும் பிஜிபவுன்சரை வைத்த பிறகு இரண்டு வழங்கியே தாராளம்.

அதனால் நான் சொல்வது ‘மடைமாற்றி’. எந்த வயல் நிறைந்தது, எது காய்கிறது என்று பார்த்துத் தண்ணீரைத் திருப்புகிறவரின் வேலை அது. குறைந்த இணைப்புள்ள வழங்கிக்கு அனுப்புவதும், செத்துப்போன வழங்கியின் பக்கம் அடைப்பதும் இதில் அடங்கும். இன்னொரு லாபம், பிஜிபவுன்சர் சேர்த்துவைக்கும் கனெக்‌ஷன் பூல் ‘இணைப்புக் குளம்’ ஆகிவிடும். ஒரு வழங்கியை நிறுத்தும் முன் புதிய கோரிக்கைகளை விடாமல், உள்ளே இருப்பவை முடியும்வரை காத்திருப்பது ‘வடியவிடுதல்’.

‘சுமைப் பங்காளி’ என்ற யோசனைக்கு: பங்காளி என்றாலே கோர்ட் வாசல்தான், வேண்டாம். தோட்டத்தில் ரப்பர் பார்த்து வளர்ந்த நமக்கு மடை எதற்கு என்று கேட்டவர், பினாங்குப் பாலம் தாண்டி செபராங் பிறை வயல்பக்கம் ஒரு நடை போய்வரலாம். நிதியை வேறு பக்கம் திருப்புவதையும் மடைமாற்றுவது என்கிறார்களே என்பது நியாயமான கேள்விதான், ஆனால் வழங்கிப் பேச்சில் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். மடை திறப்பவன்தான் மடையன் என்று யாராவது ஆரம்பிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன், சிரித்தாயிற்று.

நாளைக்கு வேலையிடத்துப் பையனிடம், “ரெண்டாவதை மடைமாற்றியில் அடைச்சிடு, வடியட்டும்” என்று சொல்லிப் பார்க்கிறேன். அவனுக்குப் புரிந்ததா என்று எழுதுகிறேன்.